தண்ணீர் குடைந்த குகையும் மனிதன் குடைந்த சுரங்கமும்



ஷில்லாங் நகரத்துக் கடைத்தெருவில் முதன்முதலாக நடந்து செல்லும் தமிழர் ஒருவர், தெருவோரத்துச் சிறு காட்சி ஒன்றைக் கண்டு சற்றே நின்றுவிடுவார். காஸி இனத்துப் பெண்மணி ஒருவர் அமர்ந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். அதனை அவர்கள் 'க்வாய்' என்று வழங்குகின்றனர். வீட்டிற்கு வரும் விருந்தினர்க்கு முதலில் நீட்டப்படுவது அதுவே. முற்காலத்தில் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே உள்ள தூரத்தைக்கூட, வழியில் எத்தனை க்வாய் மெல்லலாம் என்ற கணக்கிலேயே அம்மக்கள் சொல்லி வந்தனர். தாம்பூலத் தட்டுடன் வளர்ந்த நமக்கு இது அந்நியமான வழக்கம் அன்று.

அந்த வெற்றிலையில் தடவப்படும் சுண்ணாம்புக்கும் அம்மலைகளுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. மேகாலய மாநிலத்தின் தென்விளிம்பு முழுவதும் சுண்ணாம்புக் கல் நிறைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் சில்ஹெட் மாவட்டத்தை நிருவகித்த ராபர்ட் லிண்ட்ஸே என்பவர், இம்மலைகளின் சுண்ணாம்புக் கல்லைப் படகுகளில் ஏற்றி வங்காளத்துச் சமவெளிக்கு அனுப்பிப் பெரும்பொருள் ஈட்டினார். வெற்றிலைக்கும் வீட்டுச் சுவருக்கும் உதவிய அதே கல்லினுள்தான் இந்தியாவின் மிக நீண்ட குகைகள் மறைந்து கிடக்கின்றன. அதன் அண்டையிலேயே நிலக்கரியும் இருக்கின்றது. ஆகவே அம்மலைகளில் இரண்டு வகையான பொந்துகள் உள்ளன. ஒன்று தண்ணீர் குடைந்தது. மற்றொன்று மனிதன் குடைந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

முதலில் கல்லின் பிறப்பைக் காண்போம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய காஸி, ஜெயந்தியா மலைகளின் தென்பகுதி ஆழமற்ற, வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அக்கடலில் கண்ணுக்குப் புலப்படும் அளவிலும், புலப்படாத அளவிலும் ஓடுடைய உயிர்கள் எண்ணிறந்து வாழ்ந்தன. அவற்றுள் ஒன்றான நும்முலைட் என்னும் உயிரின் ஓடு, வட்டமாகவும் தட்டையாகவும் ஒரு சிறு நாணயத்தைப் போலவே இருக்கும். அதன் பெயரே 'சிறு நாணயம்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இவ்வுயிர்கள் மடிய மடிய, அவற்றின் ஓடுகள் கடலடியில் படிந்து, இறுகி, சுண்ணாம்புக் கல்லாயின. கடல் சில காலம் முன்னேறியது. சில காலம் பின்வாங்கியது. முன்னேறியபோது சுண்ணாம்புக் கல் படிந்தது. பின்வாங்கியபோது கரையோர மணல் படிந்து மணற்கல் ஆயிற்று. சதுப்பு நிலத்துத் தாவரங்கள் புதைந்து நிலக்கரி ஆயின. இவ்வாறு சுண்ணாம்புக் கல், அதன்மேல் நிலக்கரி பொதிந்த மணற்கல், அதன்மேல் மறுபடியும் சுண்ணாம்புக் கல் என அடுக்கடுக்காக அமைந்தது அம்மலை. இந்த அடுக்கை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நாம் பேசப்போகும் துன்பத்திற்கெல்லாம் வேர் இதிலேதான் இருக்கின்றது.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1851-இல் தோன்றியபோது அதன் தலைவராக வந்த தாமஸ் ஓல்டாம், தொடக்கத்திலேயே ஆராயச் சென்ற நிலப்பகுதிகளுள் காஸி மலையும் ஒன்று. ஆகவே நம் நாட்டுப் பாறை ஆராய்ச்சியின் பால பாடங்களுள் ஒன்று இம்மலையிலேயே படிக்கப்பட்டது என்று சொல்லலாம்.

கடினமான கல்லைத் தண்ணீர் எவ்வாறு குடைந்தது? இதனை விளக்க நம் வீட்டுச் சுண்ணாம்புச் சம்புடமே போதும். சிறிது சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுவோம். ஒரு குழல் வழியாக அந்நீருள் மெல்ல ஊதுவோம். நீரை உறிஞ்சிவிடாதபடி மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சற்று நேரத்தில் நீர் பால் போல் வெளுக்கும். நம் மூச்சில் உள்ள கரியமில வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்து, சுண்ணாம்புக் கல்லின் மிக நுண்ணிய துகள்களாக மாறியமையே அந்த வெண்மைக்குக் காரணம். ஊதுவதை நிறுத்தாமல் மேலும் மேலும் ஊதினால் ஒரு புதுமை நிகழும். வெளுத்த நீர் மறுபடியும் தெளியும். மிகுதியான கரியமில வாயு நீரில் கலந்து அதனை மெல்லிய திராவகமாக்க, அத்திராவகம் கல்துகளைக் கரைத்துக்கொண்டது. இப்பொழுது அத்தெளிந்த நீரைக் காய்ச்சினால், கரியமில வாயு வெளியேற, வெண்ணிறத் துகள் மீண்டும் தோன்றும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நாளடைவில் பக்குப் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

நேயர்களே, ஒரு குகையின் வரலாறு முழுவதும் இந்தக் குவளைக்குள் அடங்கிவிட்டது. வானிலிருந்து விழும் மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது ஏற்கின்றது. மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அதே வாயுவை இன்னும் மிகுதியாக ஏற்கின்றது. அந்த மெல்லிய திராவகம் சுண்ணாம்புக் கல்லின் விரிசலில் இறங்கி, அதனைக் கரைத்து, விரிசலைப் பிளவாக்கி, பிளவை வழியாக்கி, வழியைக் கூடமாக்குகின்றது. கரைந்த கல்லைச் சுமந்த நீர்த்துளி, குகையின் முகட்டிலிருந்து சொட்டும் வேளையில், தான் ஏற்றிருந்த வாயுவில் ஒரு பகுதியைக் குகையின் காற்றில் விட்டுவிடுகின்றது. உடனே கரைந்திருந்த கல்லில் ஓர் அணுவளவு முகட்டிலேயே படிகின்றது. அவ்வாறு படிந்து படிந்து ஆலம்விழுது போல் கீழ்நோக்கித் தொங்குவது கல்விழுது. கீழே விழுந்த துளியிலிருந்து மேல்நோக்கி வளர்வது கல்முளை. ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே வளரும். நம் கையளவு உயரம் வளர்வதற்குள் எத்தனையோ அரசுகள் தோன்றி மறைந்திருக்கும்.

இத்தொழிலுக்கு வேண்டிய மழை வேறெங்கும் இல்லாத அளவு அங்கே பெய்கின்றது. வங்கக் கடலிலிருந்து வரும் பருவக் காற்று, தாழ்ந்த சமவெளியைக் கடந்து, திடீரென நிமிர்ந்து நிற்கும் இம்மலைச் சுவரில் மோதி மேலெழுகின்றது. சோரா என்று அவ்வூரார் வழங்கும் சிரபுஞ்சியில், 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் 26,461 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அண்டையிலுள்ள மௌசின்ராமில் சராசரியாக ஆண்டுக்கு 11,800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கின்றது. கரையக்கூடிய கல்லும் கரைக்கவல்ல மழையும் ஒருங்கே அமைந்துவிட்டமையால், மலை உள்ளுக்குள் கூடாகிவிட்டது.

குகையைக் காஸி மொழியில் 'க்ரெம்' என்பர். 1922-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப், சோப்ரா ஆகிய இருவரும் காரோ மலையில் உள்ள சிஜு குகையின் உயிரினங்களை முறையாக ஆராய்ந்தனர். பின்னர் நெடுங்காலம் இக்குகைகள் வெளியுலகின் கவனத்திற்கு வரவில்லை. 1992 முதல் உள்ளூர் ஆர்வலர்களும் வெளிநாட்டுக் குகை ஆய்வாளர்களும் ஒன்றுகூடி, குளிர்காலந்தோறும் உள்ளே சென்று, அடி அடியாக அளந்து, வரைபடம் தயாரித்து வருகின்றனர். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள வழிகள் இவ்வாறு அளக்கப்பட்டுள்ளன. ஜெயந்தியா மலையிலுள்ள க்ரெம் லியாட் பிரா குகைத்தொடர் மட்டும் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு செல்கின்றது. அதனுள் இருக்கும் ஒரு கூடம் மிகவும் பெரிது. அளக்கச் சென்றவர்கள் அதற்கு 'விமானக் கொட்டகை' என்றே பெயர் வைத்துவிட்டனர்.

இருளே நிலவும் இக்குகைகளில் உயிர்கள் இல்லை என்று எண்ணலாகாது. 2019-இல் ஜெயந்தியா மலையிலுள்ள ஒரு குகையின் நீரில் பார்வையற்ற பெருமீன் இனம் ஒன்று கண்டறியப்பட்டது. 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும் அம்மீன், குகை மீன்களுள் உலகிலேயே மிகப் பெரியது. 2023-இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, அம்மலையின் குடிகளான ப்னார் மக்களின் பெயரையே அதனுடன் இணைத்தனர். வெளிச்சம் இல்லாத இடத்தில் கண்ணால் பயன் என்ன? தலைமுறை தலைமுறையாகக் கண்ணும் நிறமும் குன்றி, மற்றப் புலன்களைக் கொண்டே அம்மீன் உயிர் வாழ்கின்றது. அதற்கு வேண்டுவதெல்லாம் ஒன்றே. மலைமேலிருந்து கசிந்து வரும் நீர் தூயதாக இருக்க வேண்டும்.

இனி, குகை செய்யும் மற்றொரு பணியைக் கூறுவோம். சிரபுஞ்சிக்கு அருகில் மௌம்லு என்னும் குகை உள்ளது. 7 கிலோமீட்டர் அளவு நீளமுடையது. அங்கிருந்து எடுக்கப்பட்ட ஒரு கல்முளை உலகப் புகழ் பெற்றுவிட்டது. கல்முளையைக் குறுக்கே அறுத்தால், மரத்தின் வளையங்களைப் போல் படலம் படலமாகத் தெரியும். ஒவ்வொரு படலமும் எக்காலத்தில் படிந்தது என்பதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. யுரேனியம் நீரில் கரைந்து கல்லுக்குள் வரும். தோரியம் அவ்வாறு வருவதில்லை. கல்லில் சேர்ந்த யுரேனியம் குறிப்பிட்ட கதியில் தோரியமாக மாறிக்கொண்டே இருக்கும். ஆதலின் இரண்டின் விகிதத்தை அளந்தால் கல்லின் வயது தெரியும். அக்காலத்தில் மழை மிகுந்ததா, குறைந்ததா என்பதையும் அறியலாம். பிராணவாயுவின் அணுக்களில் எடை குறைந்தவையும் எடை கூடியவையும் உண்டு. பருவமழை வலுவாகப் பெய்த காலத்துப் படலத்தில் எடை குறைந்தவற்றின் விகிதம் மிகும். மழை பொய்த்த காலத்தில் எடை கூடியவை மிகும்.

மௌம்லுக் கல்முளையில், இன்றைக்கு 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய படலத்தில் ஒரு பெரிய மாறுதல் தென்பட்டது. பருவமழை நலிந்து, ஏறத்தாழ 200 ஆண்டுகள் வறட்சி நீடித்தமைக்கு அது சான்று. எகிப்திலும் மெசபொத்தேமியாவிலும் அக்காலத்தில் ஏற்பட்ட அரசியல் குலைவுகளையும், சிந்து சமவெளி நகரங்களின் தளர்ச்சியையும் அறிஞர்கள் இவ்வறட்சியுடன் பொருத்திப் பார்க்கின்றனர். எந்த அளவுக்குப் பொருத்தலாம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடும் உண்டு. எவ்வாறாயினும், 2018-இல் உலகப் புவியியல் அறிஞர்களின் பேரமைப்பு, 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்றுவரை நடக்கும் காலப் பகுதிக்கு 'மேகாலயன்' என்று பெயரிட்டது. அதற்கு முந்தைய இரண்டு காலப் பகுதிகளின் எல்லைகளைக் கிரீன்லாந்தின் பனிக்கட்டி காட்டுகின்றது. இக்காலத்தின் எல்லையைக் காட்டுவது நம் நாட்டுக் குகையின் கல். 2022-இல் அக்குகை உலகின் முதல் 100 புவியியல் மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. நேயர்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் சரி, நாம் அனைவரும் வாழ்வது மேகாலயன் காலத்திலேயே.

பெருமைக்குரிய இந்தச் செய்தி உலகெங்கும் பரவிய அதே 2018-ஆம் ஆண்டின் இறுதியில், அதே மாநிலத்திலிருந்து மற்றொரு செய்தி வந்தது. டிசம்பர் 13-ஆம் நாள், கிழக்கு ஜெயந்தியா மலை மாவட்டத்திலுள்ள க்சான் என்னுமிடத்தில், 370 அடி ஆழமுள்ள ஒரு நிலக்கரிக் குழியில் திடீரென்று நீர் புகுந்து, 15 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அவ்வூரார் அல்லர். காரோ மலைப் பக்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் உழைத்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் வாழ்க்கை எத்தகையது என்பதை, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

அக்குழி எவ்வகையது? மேகாலயத்தின் நிலக்கரிப் படலம் மிக மெல்லியது; பல இடங்களில் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பெரிய இயந்திரங்களைக் கொண்டு தோண்டுவது கட்டுப்படியாகாது என்று கருதி, மலைச்சரிவில் நேராகவோ, செங்குத்தாகக் குழி தோண்டி அதன் அடியிலிருந்தோ, நிலக்கரி செல்லும் வழியிலேயே குறுகிய வளைகளைக் குடைந்து சென்றனர். இரண்டு, மூன்று அடி உயரமே உள்ள வளையில் ஒருவன் குந்தியும் ஊர்ந்தும் படுத்தும் செல்ல வேண்டும். கையில் ஒரு சிறு குத்துக்கோடரி. பின்னால் ஒரு சிறு தள்ளுவண்டி. எலி வளை போல் இருப்பதால் 'எலிவளைச் சுரங்கம்' என்று அதற்குப் பெயர் வந்தது. 2014 ஏப்ரல் 17-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இம்முறையைத் தடை செய்தது. தடைக்குப் பின்னரும் தோண்டல் நின்றபாடில்லை என்பதற்குக் க்சான் சான்றாயிற்று. மத்திய அரசின் சுரங்கச் சட்டங்களின்படி உரிய அனுமதி பெற்றே தோண்டலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் வரையறுத்தது.

க்சானில் மீட்புப் படையினர் வந்தனர். கடற்படையின் முக்குளிப்போர் வந்தனர். நீரடியில் செல்லும் இயந்திரங்கள் வந்தன. பெரும் இறைப்பான்கள் வந்தன. நாட்கணக்கில் இறைத்தும் நீர் மட்டம் எதிர்பார்த்தவாறு இறங்கவில்லை. ஏன்? அக்குழி தனிக்குழி அன்று. அதனைச் சுற்றிலும், முன்பு தோண்டிக் கைவிட்ட பழைய குழிகளும் வளைகளும் நீர் நிரம்பி நின்றன. அருகிலே லைட்டைன் ஆறு ஓடிற்று. எந்த வளை எங்கே செல்கின்றது, எது எதனுடன் இணைகின்றது என்பதற்கு வரைபடம் ஏதும் இல்லை. இறுதியில் இரண்டு உடல்கள் மட்டுமே மீட்கப்பட்டன. 2019 மார்ச்சில் தேடுதல் கைவிடப்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இயற்கை குடைந்த குகைக்கு, எவருக்கும் வருவாய் தராத குகைக்கு, ஆர்வலர்கள் முழங்காலில் ஊர்ந்து சென்று வரைபடம் வரைந்தார்கள். மனிதன் தன் கையால் குடைந்த சுரங்கத்துக்கு, மனிதர்களை நாள்தோறும் இறக்கிய சுரங்கத்துக்கு, வரைபடம் இல்லை. குகைக்குள் வழி தவறியவனைத் தேடப் படம் உண்டு. சுரங்கத்துள் மூழ்கியவனைத் தேடப் படம் இல்லை.

கைவிட்ட சுரங்கத்தில் தேங்கிய நீர் புதிய சுரங்கத்தில் பாய்வது மேகாலயத்துக்கு மட்டும் உரிய ஆபத்து அன்று. தன்பாத் பக்கத்தில் வாழும் நேயர்கள் 1975 டிசம்பர் 27-ஆம் நாளை மறந்திருக்க மாட்டார்கள். அன்று சாஸ்நாலா சுரங்கத்தில், பழைய பகுதியில் தேங்கி நின்ற நீர் உடைத்துப் பாய்ந்து, 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுசென்றது. 2025 ஜனவரி 6-ஆம் நாள், மேகாலயத்தை அடுத்த அஸ்ஸாம் மாநிலத்து உம்ராங்சோவில் ஓர் எலிவளைச் சுரங்கத்தில் நீர் புகுந்து 9 பேர் மாண்டனர். சுரங்கத்தை மனிதன் கைவிடலாம். தண்ணீர் அதனைக் கைவிடுவதில்லை. அன்று முதல் அது தண்ணீரின் சொத்து.

தண்ணீர் அங்கே வெறுமனே தேங்கி நிற்பதுமில்லை, வேலையும் செய்கின்றது. கடலோரச் சதுப்பில் பிறந்த நிலக்கரியாதலால், மேகாலயத்து நிலக்கரியில் கந்தகம் மிகுதி. ஜார்க்கண்ட், வங்காளப் பக்கத்து நிலக்கரியில் கந்தகம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இங்கேயோ அது பல மடங்கு. அக்கந்தகத்தில் ஒரு பகுதி, இரும்புடன் சேர்ந்து பொன்னிறமாக மின்னும் பைரைட்டு என்னும் கனிமமாக இருக்கின்றது. மலைக்குள் புதைந்து கிடந்த வரையில் அதனால் தீங்கில்லை. சுரங்கம் தோண்டியவுடன் காற்றும் நீரும் உள்ளே புகுகின்றன. பைரைட்டு காற்றுடனும் நீருடனும் கூடிக் கந்தகத் திராவகம் ஆகின்றது. அதிலுள்ள இரும்பு துருவாகி, நீரோடையின் கற்களில் செம்மஞ்சள் பூச்சாகப் படிகின்றது. வேலையாட்கள் வெளியேறிய பின்னரும், குழியின் உரிமையாளர் ஊரை விட்டே போன பின்னரும், இந்த இரசாயனத் தொழிற்சாலை இரவு பகல் ஓய்வின்றி நடந்துகொண்டே இருக்கும். மழை பெய்யும்போதெல்லாம் அதன் சரக்கு ஆற்றுக்கு வந்து சேரும்.

இப்பொழுது அந்த அடுக்கை நினைவு கூர்வோம். சுண்ணாம்புக் கல், அதன்மேல் நிலக்கரி பொதிந்த மணற்கல். மேலே சுரங்கத்தில் பிறக்கும் திராவகம் கீழே இறங்கினால் எங்கே போகும்? சுண்ணாம்புக் கல்லுக்குள், குகைகளுக்குள் போகும். மழைநீரின் மெல்லிய திராவகம் பல்லாயிரம் ஆண்டுகளில் பொறுமையாகச் செய்த வேலை வேறு. கந்தகத் திராவகம் சில பத்தாண்டுகளில் செய்யும் வேலை வேறு. முன்னது கல்லைக் கரைத்தபின், மறுபடி கல்லாகவே விழுதும் முளையுமாக வளர்த்தது. கரைத்ததற்குக் கணக்கும் எழுதி வைத்தது. பின்னது கரைக்கும், அந்நீரில் வாழும் உயிரைக் கொல்லும், அவ்வளவே.

ஆறுகளில் இதன் விளைவு கண்கூடு. ஜெயந்தியா மலையின் பல ஓடைகளில் மீன் அற்றுப்போயிற்று. லூக்கா என்னும் ஆறு, 2007-ஆம் ஆண்டளவிலிருந்து, மழை ஓய்ந்த குளிர்காலத்தில் விந்தையான நீல நிறம் கொள்கின்றது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மீன் பிடித்து உண்டவர்களுக்கு அது துக்கத்தின் நிறம். இம்மலைகளிலிருந்து வடக்கே சென்ற திராவக நீர், கோபிலி நீர்மின் திட்டத்தின் இயந்திரங்களையே அரித்துவிட்டது. உறுதியான உலோகத்திற்கே இக்கதி என்றால், இருட்டுக்குள் வாழும் பார்வையற்ற மீன் எம்மாத்திரம்!

குற்றத்தைச் சுரங்கத் தொழிலாளியின்மேல் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. வேறு தொழில் இருந்தால் எவனும் இரண்டடி வளைக்குள் விரும்பி ஊர்ந்து செல்வானா? நிலத்துக்கு உரியவரும் நிலக்கரியின்றி வேறு வருவாய் அறியாதவராகவே பெரும்பாலும் இருந்தனர். அடுப்புக்கும் ஆலைக்கும் அந்நிலக்கரியை வாங்கியவர்கள் சமவெளியில் இருந்தனர். வாங்கியவர்களுக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு.

பரிகாரம் இல்லாமலும் இல்லை. பரிகாரத்தில் பெரும்பங்கு அதே சுண்ணாம்புக் கல்லினிடத்திலேயே இருக்கின்றது. புளிப்பை மாற்றச் சுண்ணாம்பு உதவும் என்பது எளிய இரசாயனம். திராவக நீரைச் சுண்ணாம்புக் கல் பரப்பிய கால்வாய் வழியே ஓடவிட்டால் அதன் கடுமை தணியும். ஆனால் இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நீரிலுள்ள இரும்பு துருவாகிக் கல்லின் மேல் கவசம் போல் படிந்துவிட்டால், உள்ளே இருக்கும் கல் நீரைத் தொட முடியாது, பயன் நின்றுவிடும். ஆகவே கல்லை அவ்வப்போது கிளறவும் மாற்றவும் வேண்டும். ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை அன்று அது. அதைவிட நல்லது, திராவகம் பிறக்கும் இடத்திலேயே அதனைத் தடுப்பது. ஆயிரக்கணக்கில் வாய் திறந்து கிடக்கும் பழைய குழிகளைக் கண்டறிந்து, வரைபடத்தில் குறித்து, மூடி, காற்றும் மழைநீரும் புகாமற் செய்ய வேண்டும். குவித்து வைத்த கழிவு நிலக்கரியை மண்ணால் மூடி மரம் வளர்க்க வேண்டும். இவற்றுள் முதலாவது வரைபடமே. எங்கே இருக்கின்றது என்று தெரியாத குழியை எவர் மூட முடியும்?

புதிய சுரங்கம் ஒன்றைத் திறக்க அனுமதி கேட்பவரிடம், எத்தனை டன் எடுப்பாய் என்று கேட்பது வழக்கம். அதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எடுத்து முடித்தபின் எவ்வாறு மூடுவாய்? அம்மூடலுக்கு ஆகும் செலவை யார், எப்பொழுது கொடுப்பார்? இக்கேள்விக்கு விடை இல்லாத சுரங்கம், வருங்காலத்தார் பெயரில் எழுதப்பட்ட கடன் பத்திரம். கடனை வாங்கியவர் ஒருவர், அடைப்பவர் வேறொருவர். க்சானில் அக்கடனை அடைத்தவர்கள், தம் ஊரை விட்டு உழைக்க வந்த 15 பேர்.

நேயர்களே, ஷில்லாங்கிலும் கௌகாத்தியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் விடுமுறை நாட்களில் சிரபுஞ்சிக்குச் செல்வது வழக்கமே. அங்கே மௌஸ்மாய் என்னும் குகையில் விளக்குகள் இட்டு, பிறர் துணையின்றி நடந்து பார்க்க வசதி செய்துள்ளனர். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கல்விழுதைக் கையால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்டால் துளி படியும் தன்மை கெட்டுவிடும். ஒடித்து வீட்டுக்கு எடுத்து வருவது அதனினும் பெரிய பிழை. அங்கே சற்று மௌனமாக நின்று, ஒரு துளி சொட்டுவதைக் கேளுங்கள். அது 4,200 ஆண்டுக் கணக்கை எழுதிய அதே எழுத்தாணி. இன்றைய வரியையும் அது எழுதிக்கொண்டிருக்கின்றது.

அங்கிருந்து ஜெயந்தியா மலைப் பக்கம் செல்ல வாய்த்தால், பாலத்தைக் கடக்கும்போது வண்டியைச் சிறிது நிறுத்திக் கீழே ஓடும் நீரையும் பாருங்கள். கற்கள் செம்மஞ்சளாக இருந்தால், மேலே எங்கோ ஒரு குழியில் வேலை இன்னும் முடியவில்லை என்பது பொருள். தெளிந்த நீரும், அதில் ஒரு மீனும் தென்பட்டால், யாரோ ஒரு குழியை ஒழுங்காக மூடியிருக்கிறார்கள் என்று மகிழலாம். அவ்வாறு மகிழும் நாள் விரைவில் வர வேண்டும் என்பதே நம் விருப்பம்.